மெக்கட்ரோனிக்ஸ் முதுமாணிப் படிப்பு: வியாபாரிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

எமது வியாபாரிகளின் வீடுகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது. மெக்கட்ரோனிக்ஸ். பொறியியல் பட்டம் முடித்த மகனோ மகளோ மேற்படிப்புக்கு இந்தத் துறையைச் சொல்கிறார்கள். வாப்பாவுக்கு அது என்னவென்று விளங்குவதில்லை. விளங்காத சரக்குக்கு எந்த வியாபாரியும் முதல் போடமாட்டான். ஆனால் பிள்ளையின் படிப்பு என்றால் மட்டும் விசாரிக்காமலே காணியை விற்கிறோம், நகையை அடகு வைக்கிறோம், ஓடுகிற கடையின் முதலைக் கைவைக்கிறோம். படிப்புக்குச் செலவழிப்பது நல்லதுதான். விசாரிக்காமல் செலவழிப்பது நல்லதல்ல. எனவே இந்த வாரம் இந்தப் படிப்பைப் பற்றி வியாபாரியின் பாஷையிலேயே பேசுவோம்.

நான் பொறியியலாளன் அல்லன். படித்தது பாடசாலையோடு சரி. புத்தளத்தில் சிறு கடையாகத் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகு யாழ்ப்பாணத்தில் மோட்டர், பெயாரிங், பெல்ட் விற்று வருபவன். இயந்திரம் நின்றுபோனால் முதலில் ஓடி வருவது எம்மைப் போன்றவர்களின் கடைக்குத்தான். ஆகவே எந்த இயந்திரம் ஏன் நிற்கிறது, அதை ஓடவைக்க யாரால் முடிகிறது என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். மீதியைப் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இது என்ன படிப்பு?

இந்தப் பெயர் ஜப்பானில் பிறந்தது. யஸ்காவா எலக்ட்ரிக் என்ற மோட்டர் உற்பத்திக் கம்பனியில் பொறியியலாளராக இருந்த டெட்சுரோ மோரி என்பவர் 1969இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். மெக்கானிசம் என்பதிலிருந்து முன்பாதி, எலக்ட்ரோனிக்ஸ் என்பதிலிருந்து பின்பாதி. கம்பனி அதைத் தனது வணிகப் பெயராகப் பதிவுசெய்து வைத்திருந்தது. பின்னர் 1982இல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தப் பெயரில் பாடம் நடத்தத் தொடங்கின. ஒரு படிப்பின் பெயரே வியாபாரப் பெயராகப் பிறந்தது என்பதை எம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

அதே 1969இல்தான் அமெரிக்காவில் மொடிகன் 084 என்ற கட்டுப்பாட்டுக் கருவியும் வந்தது. அதற்கு முன்னர் தொழிற்சாலை இயந்திரத்தின் வேலை ஒழுங்கை மாற்றுவதென்றால் நூற்றுக்கணக்கான வயர்களைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டும். இந்தக் கருவி வந்த பிறகு புரோகிராமை மாற்றினால் போதும் என்றாயிற்று. இன்று பிஎல்சி என்று கடைகளில் கேட்கிறார்களே, அதன் மூத்த பிள்ளை அதுதான்.

மெக்கட்ரோனிக்ஸ் இயந்திரம் ஒன்றில் நான்கு பகுதிகள் இருக்கும். சூழ்நிலையை அறியும் சென்சர் அதன் கண். வந்த தகவலைப் பார்த்துத் தீர்மானிக்கும் கொன்ட்ரோலர் அதன் மூளை. மூளை சொன்னதைச் செய்யும் மோட்டர், காற்று சிலிண்டர், வால்வு முதலியன அதன் தசை. இவை எல்லாவற்றையும் தாங்கி அசையும் இரும்பு உடல் அதன் எலும்பு. செய்த வேலை சரியா என்று கண் மறுபடியும் பார்த்து மூளைக்குச் சொல்லும். பிழையென்றால் மூளை திருத்தும். இந்தச் சுற்று ஒரு செக்கனில் பல நூறு தடவை நடக்கலாம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. ஏ-9 வீதியில் பளைப் பக்கம் போகும்போது காற்றாலைகள் தெரிகின்றன அல்லவா? 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஒவ்வொன்றும் 10 மெகாவாட் அளவான இரண்டு காற்றாலைப் பண்ணைகள் அங்கே மின்சாரம் தரத் தொடங்கின. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உச்சியிலுள்ள சிறு கருவி பார்க்கிறது. கொன்ட்ரோலர் அதை வாசிக்கிறது. மோட்டர்கள் அந்தப் பெரிய தலையைக் காற்றின் பக்கம் திருப்புகின்றன. காற்று அளவுக்கு மீறி வீசினால் இறக்கைகளின் சாய்வு மாறி வேகம் அடங்குகிறது. மனிதர் யாரும் மேலே ஏறித் திருப்புவதில்லை. இதுதான் மெக்கட்ரோனிக்ஸ். அரிசி ஆலையில் கறுப்பு அரிசியைக் கமெராவால் கண்டு காற்றடித்துத் தள்ளிவிடும் இயந்திரமும் இதே வகைதான். பெற்றோல் இன்ஜெக்ஷன் வந்த புதிய மோட்டார் சைக்கிள்களும் இதே வகைதான்.

ஒரு மிளகாய்த்தூள் பக்கற் சொல்லும் பாடம்

வலிகாமத்தில் மிளகாய்த்தூள் ஆலை நடத்தும் ஒருவர் என் கடைக்கு வந்தார். "நானா, பக்கற் மெஷினில பெல்ட் வழுக்குது போல. படம் ஒரு இடம், வெட்டு ஒரு இடமா விழுது. நல்ல பெல்ட்டாத் தாங்கோ" என்றார். பெல்ட் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். அதே குறை. மின்சார வேலை செய்பவர் வந்து பார்த்துவிட்டு மின்சாரத்தில் பிழையில்லை என்றார். லேத் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு உருளையில் தேய்மானம் இல்லை என்றார். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் சொன்னது சரி. ஆனால் இயந்திரம் ஓடவில்லை. விற்ற கம்பனியின் ஆள் கொழும்பிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றார்கள். பெருநாளுக்கு முந்திய வாரம் அது.

கடைசியில் உறவினர் வீட்டுப் பிள்ளை, பொறியியல் இறுதியாண்டு மாணவி, வந்து பார்த்தாள். பக்கற் செய்யும் பொலித்தீன் சுருளில் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் குறி அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் குறியைப் பார்க்கும் சிறிய ஒளிச் சென்சர் ஒன்று இருக்கும். குறி வந்ததும் அது சொல்லும், மோட்டர் நிற்கும், கத்தி வெட்டும். அந்தக் கண்ணில் மிளகாய்த்தூள் படிந்திருந்தது. பஞ்சால் துடைத்து, குறியை மறுபடியும் அதற்குப் பழக்கிவிட்டாள். இயந்திரம் ஓடியது.

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. கண்ணைத் துடைக்கத் தெரிவது முதற்படி. அதற்கு நல்ல தொழிற்பயிற்சி போதும். இரண்டு வாரத்தில் மறுபடியும் தூசு படியுமே, அதை எப்படித் தடுப்பது என்று யோசிப்பது இரண்டாவது படி. அந்தப் பிள்ளை சென்சருக்கு ஒரு சிறு மூடி போட்டு, மெல்லிய காற்று எப்போதும் ஊதும்படி செய்தாள். அது பட்டப் படிப்பின் வேலை. கண் மங்கிக்கொண்டு வருவதை இயந்திரமே முன்கூட்டி அறிந்து, தன்னைத் திருத்திக்கொண்டு, முடியாதபோது முதலாளிக்குச் சொல்லும்படி ஒரு புதிய இயந்திரத்தைக் கணக்குப் போட்டு அமைப்பது மூன்றாவது படி. முதுமாணிப் படிப்பு அந்த மூன்றாவது படிக்கு உரியது.

உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்க விரும்புகிறது, எமது ஊருக்கு இப்போது எந்தப் படி ஆள் தேவை என்பதே இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

முதுமாணியில் என்ன படிக்கிறார்கள்?

கார் திருத்தவோ ரோபோ பூட்டவோ இரண்டு வருடம் பழக்குவார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. இதில் முக்கால்வாசி கணக்கு. ஓர் இயந்திரத்தைச் சமன்பாடாக எழுதுவது, அந்தச் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, கட்டுப்பாட்டு முறையை வகுப்பது, சென்சர் தரும் குழம்பிய தகவலிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது, கமெராப் படத்தைக் கணினி விளங்கிக்கொள்ளச் செய்வது, ரோபோவின் அசைவு, சிறிய கணினிச் சில்லுகளுக்குப் புரோகிராம் எழுதுவது ஆகியவை பொதுவான பாடங்கள். முடிவில் ஓர் ஆய்வு செய்து ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கால் வியாபாரிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 100 கிராம் பக்கற் போடும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தராசுச் சென்சர் இயந்திரத்தின் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும். 98 என்றும் 103 என்றும் மாறி மாறிக் காட்டும். நிறை குறைந்தால் வாடிக்கையாளருக்கு அநியாயம், சட்டத்திலும் குற்றம். ஆகவே முதலாளி பயந்து 102 கிராமுக்கு வைக்கிறார். பக்கற்றுக்கு 2 கிராம் போனால் 10,000 பக்கற்றில் 20 கிலோ மிளகாய்த்தூள் சும்மா போகிறது. ஆட்டத்துக்கு நடுவே உண்மையான நிறையை அரைச் செக்கனில் கணித்துச் சொல்லும் கணக்கு முறைகள் இருக்கின்றன. முதுமாணி வகுப்பில் படிப்பது இத்தகைய விஷயங்களைத்தான். அளவையில் நீதமாக இருப்பதற்கும் நட்டப்படாமல் இருப்பதற்கும் அந்தக் கணக்கு உதவுகிறது.

இந்தப் படிப்புக்குப் போக இயந்திரவியல், மின்னியல், இலத்திரனியல், மெக்கட்ரோனிக்ஸ் போன்ற ஒன்றில் பொறியியல் பட்டம் வேண்டும். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடங்களை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், அதற்கு 30 திறமைப் புள்ளிகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், அதற்கு 60 புள்ளிகள். பின்னர் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணமிருந்தால் ஆய்வுள்ள படிப்பைத் தெரிவுசெய்வது நல்லது. பட்டத்தில் கணக்குப் பாடங்களைத் தட்டித்தடவிக் கடந்த பிள்ளைக்கு இது கடினமாக இருக்கும். பெற்றோர் இதை மறைக்காமல் பிள்ளையோடு பேச வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

எமக்குக் கிட்ட உள்ள இடத்திலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2013-2014 காலப்பகுதியில் தொடங்கியது. இயந்திரவியல், மின்னியல்-இலத்திரனியல், கணினி, குடிசார் பொறியியல் துறைகள் அங்கே உண்டு. முதல் மூன்றும் சேர்ந்தால் மெக்கட்ரோனிக்ஸின் அத்திவாரம் கிடைத்துவிடுகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் ஏறக்குறைய அதே காலத்தில், 2012-2013இல் ஆரம்பமானது. இவை பட்டப் படிப்புக்கு எமது பிள்ளைகள் போகும் இடங்கள்.

மெக்கட்ரோனிக்ஸ் என்ற பெயரிலேயே பட்டம் வேண்டுமானால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை உண்டு. அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. கடையையோ வேலையையோ விடாமல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது பொருந்தும். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தொழிற்பயிற்சி வழியாக வந்தவர்கள் மெக்கட்ரோனிக்ஸ் தொழில்நுட்பப் பட்டம் வரை ஏறுவதற்கு அது ஒரு படிக்கட்டு.

முதுமாணிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மின் பொறியியல் திணைக்களம் தொழிற்சாலைத் தன்னியக்கமாக்கல் என்ற பாடநெறியை நடத்தி வந்திருக்கிறது. பெயர் வேறாக இருந்தாலும் விஷயம் மெக்கட்ரோனிக்ஸுக்கு மிகவும் கிட்டியது. வேலை செய்துகொண்டே படிக்கும் பொறியியலாளர்களை மனத்தில் வைத்து அமைந்தது. எந்த ஆண்டுக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதைத் திணைக்களத்திலேயே நேரில் கேட்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாடு. சென்னை குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அங்கே மெக்கட்ரோனிக்ஸில் எம்.இ. பட்டம் உண்டு. வேலூர் வி.ஐ.டி.யில் எம்.டெக். உண்டு. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு வழங்கும் புலமைப்பரிசில்களில் மௌலானா ஆஸாத் பெயரிலான திட்டம் முதுமாணிப் படிப்புக்கு உரியது. பொறியியல், விஞ்ஞானம் படிப்போருக்கு அதில் முன்னுரிமை உண்டு. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் விண்ணப்பம் கோரும். யாழ்ப்பாணத்திலும் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் விசாரிக்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

அதற்கும் அப்பால் ஜேர்மனி. ஹம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சீகன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் மெக்கட்ரோனிக்ஸ் முதுமாணியை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பித்தல் கட்டணம் எடுப்பதில்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. "ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று கேட்டவுடன் எம்மவர்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அடுத்த கேள்வியில்தான் செலவு இருக்கிறது.

செலவுக் கணக்கு

ஜேர்மன் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே பிள்ளையின் பெயரில் முடக்கி வைக்க வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ என்று நிர்ணயித்தார்கள். மாதம் 992 யூரோ வீதம் பிள்ளை அதை எடுத்துச் செலவழிக்கும். யூரோ 350 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 41 இலட்சத்து 66 ஆயிரத்து 400 ரூபா வருகிறது. 400 ரூபா என்று வைத்தால் 47 இலட்சத்து 61 ஆயிரத்து 600. நாணயம் 50 ரூபா அசைந்தால் ஏறத்தாழ 6 இலட்சம் வித்தியாசம். இது ஒரு வருடத்துக்கு மட்டும். படிப்பு இரண்டு வருடம்.

நாணய ஆபத்தை எமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. சரக்கு இறக்குமதி செய்தவர்கள் விலையைக் கூட்டிச் சமாளித்தார்கள். வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்கவிட்டிருந்த வாப்பாவால் யாரிடம் விலை கூட்ட முடியும்? ஆகவே இரண்டாம் வருடப் பணத்துக்கு வழி தெரியாமல் முதலாம் வருடத்துக்கு அனுப்பாதீர்கள். பிள்ளை பகுதிநேர வேலை செய்து சமாளிக்கும் என்று முழுக்க நம்பவும் வேண்டாம். 2024 மார்ச் முதல் அங்கே மாணவர்கள் வருடத்தில் 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. அனுமதி இருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு, கணக்குப் பாடத்துக்கு நேரம் மிஞ்சுவது வேறு. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலைத் தளத்தில் ஜேர்மன் மொழிதான் பேசுவார்கள்.

செலவில் இன்னொரு பகுதியை நாம் எழுதுவதே இல்லை. பட்டம் முடித்த பிள்ளை மாதம் 150,000 ரூபா உழைக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்தால் 36 இலட்சம் உழைப்பு நிற்கிறது. அதுவும் முதலில் சேரும். வேலை செய்துகொண்டு உள்ளூரில் பகுதிநேரமாகப் படிப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் குடும்பத்திலும் ஊரிலும் கர்ளன் ஹஸனாவாகக் கொடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சொந்தக்காரர் என்பதற்காக எழுதாமல் விடவேண்டாம். கடனை எழுதிவைக்கும்படி மார்க்கமே சொல்லியிருக்கிறது. கடையின் சுழற்சி முதலை மட்டும் தொடாதீர்கள். கடை நின்றால் இரண்டாம் வருடப் படிப்பும் நிற்கும்.

அத்துடன் தரகர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் அது எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டதா என்று நேரடியாக விசாரியுங்கள். வாஷிங்டன் உடன்படிக்கை என்று சிலர் காட்டுவார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் இந்தியாவும் 2014இல் அதில் முழு அங்கத்துவம் பெற்றன என்பது உண்மை. ஆனால் அது முதற்பட்டத்துக்கான ஏற்பாடு. முதுமாணிக்கு அதைக் காட்டி விலை பேசினால் நம்ப வேண்டாம்.

ஆய்வுத் தலைப்பை எங்கிருந்து எடுப்பது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். முதுமாணி மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத் தலைப்பைத் தேட வேண்டும். பலர் விரிவுரையாளர் கொடுக்கும் தலைப்பை எடுத்துச் செய்துவிட்டு, அறிக்கையை அலுமாரியில் வைத்துவிட்டு, வேறொரு நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. எமது ஊரில் என்ன பிரச்சினை இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

பிரச்சினைகள் எம்மிடம் நிறைய இருக்கின்றன. குடாநாட்டின் சின்ன வெங்காயத்தை இன்றும் கையால்தான் தரம் பிரிக்கிறோம். பெரிய வெங்காயத்துக்குச் செய்த இயந்திரம் அதற்குப் பொருந்தாது. பனங்கிழங்கை அவித்து, கிழித்து, உலர்த்தும் வேலையில் ஆள் கிடைப்பதில்லை. மழை வரும்போது காயவைத்த சரக்கு கெடுகிறது. மீன் வாடிகளில் ஐஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பெட்டிக்குள் சூடு எவ்வளவு என்று பார்க்க ஆளில்லை. கிணற்று நீர் உவராகிக்கொண்டு வரும் இடங்களில் எவ்வளவு நேரம் இறைத்தால் உப்பு ஏறும் என்று பார்த்துத் தானாக நிற்கும் பம்பு வேண்டும். எம்மவர்கள் பலர் செய்யும் பழைய இரும்பு வியாபாரத்தில் செம்பு, பித்தளை, அலுமினியம் பிரிப்பது இன்றும் கண்ணையும் காந்தத்தையும் நம்பித்தான் நடக்கிறது.

இவற்றில் எதுவும் சிறிய விஷயமல்ல. வெங்காயம் பிரிப்பதில் கமெரா உண்டு, அசைவு உண்டு, தோல் காயப்படாமல் தள்ளும் கணக்கு உண்டு. ஒரு முதுமாணி ஆய்வுக்கு அது தாராளமாகப் போதும். எனவே பிள்ளையை அனுப்பும் முன் ஆலையிலும் களஞ்சியத்திலும் வாடியிலும் சில மாதம் நிற்கவிடுங்கள். பட்டம் முடித்தவுடன் பாயாமல், ஓரிரு வருடம் இயந்திரத்தோடு வேலை செய்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு வகுப்பில் எந்தப் பாடம் எதற்கு என்று விளங்கும். போகும்போது கையில் ஒரு பிரச்சினையோடு போகும். பிரச்சினையோடு போன பிள்ளைக்குத் திரும்பி வரவும் ஒரு காரணம் இருக்கும். வராமல் அங்கேயே இருந்தாலும் அது செய்த வேலை எமது ஊருக்குப் பயன்படும்.

வியாபாரிகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. கிளிநொச்சிப் பொறியியல் பீடத்து மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டுத் திட்டம் செய்கிறார்கள். உங்கள் ஆலையில் அடிக்கடி நிற்கும் இயந்திரம் எது, அதனால் மாதம் எவ்வளவு நட்டம் என்று ஒரு தாளில் எழுதி, துறைத் தலைவரைச் சந்தித்துக் கொடுங்கள். பழுதான பழைய இயந்திரம் இருந்தால் இரும்புக் கடைக்குப் போடாமல் மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகக் கொடுங்கள். கீழக்கரையைச் சேர்ந்த வணிகர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984இல் சென்னை வண்டலூரில் கிரசெண்ட் பொறியியற் கல்லூரியைத் தொடங்கினார். அது பின்னர் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்ந்தது. அவரளவுக்கு எம்மால் முடியாது. ஒரு மோட்டரும் ஒரு சென்சரும் வாங்கிக் கொடுக்க முடியும்.

எல்லோருக்கும் முதுமாணி வேண்டுமா?

வேண்டாம். இதைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. ஜேர்மனியில் மெக்கட்ரோனிக்கர் என்பது 1998இல் அறிமுகமான ஒரு தொழிற்பயிற்சி. மூன்றரை வருடம் தொழிற்சாலையிலும் பாடசாலையிலும் மாறி மாறிப் பழகுகிறார்கள். அந்த நாட்டு இயந்திரங்கள் ஓடுவதற்கு அவர்களும் ஒரு காரணம். கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கும் அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டது. கையால் வேலை செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அங்கே என்.வி.கியூ. சான்றிதழோடு தொழில் பழகலாம். மேலே சொன்ன மிளகாய்த்தூள் இயந்திரத்தின் முதற்படிக்கு எமது ஊரில் இன்று ஆள் பற்றாக்குறை அதிகம். அந்தப் படியில் நிற்பவருக்கு நாளைக்கே வேலை உண்டு. பிறகு பட்டமும் முதுமாணியும் வேண்டுமென்றால் ஏறிப்போக வழியும் உண்டு.

கணக்கில் கெட்டிக்காரராக, இயந்திரத்தில் ஆசையுள்ளவராக, ஒரு பிரச்சினையை வருடக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கக்கூடியவராக உள்ள பிள்ளைக்கு முதுமாணி நல்ல முதலீடு. மகளென்றாலும் மகனென்றாலும் கணக்கு ஒன்றுதான். அயல்வீட்டுப் பிள்ளை போய்விட்டது என்பதற்காக அனுப்புவது முதலீடல்ல.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். இரண்டு வருடத்துக்கான முழுச் செலவையும், நின்றுபோகும் உழைப்பையும், நாணயம் அசைந்தால் கூடும் தொகையையும் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கத்தை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, "நீ எந்த இயந்திரத்தை ஓடவைக்கப் படிக்கப் போகிறாய்?" என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் வெறுமையாகத் திரும்பி வந்தால் ஒரு வருடம் பொறுங்கள், பிள்ளையை ஓர் ஆலையில் நிற்கவிடுங்கள். எழுதப்பட்டு வந்தால், இன்ஷா அல்லாஹ், பணத்துக்கு வழி தேடுவோம்.